மூன்று மணிக்கு மேல் ஐம்பத்தேழு மூட்டை

கண்காணிப்பு மன்றத்துக்கு நான் கட்ட வேண்டியிருந்தது முப்பத்தெட்டாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய். கைமாற்று வாங்கியதல்ல, சீட்டு எடுத்ததல்ல. வராமல் போனதற்கு அபராதம். ஒரு முறைக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பது வீதம், ஐந்து வருடத்தில் என் பெயருக்குப் பதினைந்து முறை விழுந்திருக்கிறது. மன்றம் அனுப்பின ஓலை பூராவும் நாங்கள் காலி செய்துவிட்டு வந்த வீட்டுக்கே போயிருக்கிறது. அந்த வீட்டுக்காரம்மா ஒன்றையும் பிரிக்கவில்லை. ஆடுகிற பிரிட்ஜின் ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். பதினைந்தும் சேர்ந்து நல்ல கனம்.

ஜப்தி வரும் என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் மன்றத்தின் ஆபீசுக்குப் போனேன். ஈரோட்டில் பழைய தபால் ஆபீஸ் கட்டடம் அது. ஜன்னலுக்கு உள்ளே ஸ்டெல்லா என்று ஒரு எழுத்தர் அம்மா. கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு என் கட்டைவிரலை மிஷினில் வைக்கச் சொன்னார். நாலு தடவை வைத்தும் அது பிடிக்கவில்லை.

"என்ன வேலைண்ணே பாக்குறீங்க? ரேகையே இல்ல?"

"மஞ்ச மண்டியில மூட்டை தூக்கறேனுங்."

"அதான்." மோதிர விரலை வைக்கச் சொன்னார்.

"ஏனுங் மேடம், நான் போலீசுக்கு ஒரு தப்பும் பண்ணலீங்களே. எனக்கு எதுக்குங்க அவராதம்?"

"போலீசுக்கு இல்லண்ணே. போலீசப் பாத்துக்கறதுக்கு. அது ஒவ்வொரு குடிமகனுக்கும் முறை. வாய்க்கால் தண்ணி முறை மாதிரி. உங்க முறை வந்தா நீங்க நிக்கணும்."

"நின்னு என்னங்க பண்றது?"

கூட்டம் இல்லாத நேரம். அவர் சொன்னார். மாநிலப் போலீசையெல்லாம் கலைத்துத் தேசியப் போலீசு என்று ஒன்றாக்கினபோது, அதை யார் கண்காணிப்பது என்று பெரிய சண்டை நடந்ததாம். முதலில் ஓய்வுபெற்ற ஜட்ஜுகளை வைத்து ஒரு குழு போட்டார்கள். அவர்கள் வருடத்துக்கு ஒரு புத்தகம் போட்டார்கள், அவ்வளவுதான். அப்புறம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா.

"கேமரா நல்லதுதானுங்களே?"

"நல்லதுதான். ஆனா பாருங்க, எந்த ஸ்டேஷன்ல ஆள் செத்தாலும் அன்னைக்கு மட்டும் கேமரா ரிப்பேரு. ஒரே வருசத்துல நூத்திப் பன்னெண்டு கேமரா, கரெக்டா அதே நாள்ல ரிப்பேரு. ஜனங்க ரோட்டுல வந்து உக்காந்துட்டாங்க. அப்பத்தான் இந்தக் காப்பு வந்துச்சு."

மேஜை டிராயரைத் திறந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில், கைக்கடிகாரப் பட்டை மாதிரி. நடுவில் சிவப்பாக ஒரு திருகு.

"ஸ்டேஷனுக்குள்ள கொண்டுபோற ஆளுக்குப் பின்னங்கழுத்துல ஒரு வில்லை ஒட்டிருவாங்க. அந்த ஆளுக்கு எங்க வலிச்சாலும், காப்பு கட்டியிருக்கிற உங்களுக்கும் அதே எடத்துல வலிக்கும். முழுசா இல்ல, பத்துல ஒரு பங்கு. உங்களுது இல்லாத வலி வந்துச்சுன்னா இதைத் திருகணும். ஸ்டேஷன் கதவு தொறந்துக்கும். பத்து நிமிசத்துல எங்க ஆளுங்க உள்ள போயிருவாங்க."

"இதுல பதிவு எல்லாம் உண்டுங்களா?"

"கிடையாது. பதிவு இருந்தாத்தானே அழிப்பான்? அதனால மனுச ஒடம்புதான் பதிவுன்னு சட்டத்துலயே எழுதிட்டாங்க. ஒடம்பு ரிப்பேராகாதுல்ல?"

காப்பு வந்த முதல் இரண்டு வருடம் நாடு முழுக்க லாக்கப்பில் ஒரு சாவு கிடையாதாம். அப்புறம் மனு வர ஆரம்பித்தது. பாங்கு மேனேஜர், டாக்டர், ஜவுளிக்கடை முதலாளி எல்லாரும் எழுதினார்கள். எவனோ திருடன் அடி வாங்குவதற்கு நாங்கள் ஏன் துடிக்க வேண்டும், கல்லாவில் உட்கார முடியவில்லை என்று. அதனால் மாற்று ஆள் அனுப்பலாம் என்று ஒரு திருத்தம் வந்தது. உள்ளே இருப்பவனுக்குத் தலைவலி வந்ததற்கெல்லாம் சிலர் திருகிவிட, வீணாகத் திருகினால் அபராதம் என்று இன்னொரு திருத்தம்.

"நீங்களும் மத்தவங்க முறைக்கு மாத்து ஆளா நின்னு கழிக்கலாம்ணே. ஒரு முறை நின்னா ரெண்டாயிரத்து ஐந்நூத்தி அம்பது கழியும். பதினஞ்சு முறை. காப்பைக் கட்டிட்டு உங்க வேலைய நீங்க பாக்கலாம். சும்மா உக்காரணும்னு இல்ல."

நல்ல சட்டம் என்று தோன்றியது. கூலியும் போகாது.

ஆள் பிடித்துக் கொடுப்பதற்கு ஒரு ஏஜெண்டு இருந்தார். முறை நாளில் விடியக்காலை மண்டி வாசலில் டீக்கடைக்கு வருவார். கையில் ரெக்ஸின் பை. "முதுகு எப்படி இருக்குது?" என்று கேட்பார். யார் சிரிக்கிறானோ அவனுக்குக் காப்பைக் கட்டுவார். எங்கள் செட்டில் துரைசாமி ஒரே ஒரு முறை கட்டினான். மத்தியானமே திருகிவிட்டான். யாருக்கோ விரலில் ஊசி ஏற்றிவிட்டார்கள் என்றான். ஸ்டேஷன் கதவு திறந்தது, ஆள் பிழைத்தான், சரிதான். ஆனால் ஏஜெண்டு அப்புறம் துரைசாமி பக்கமே திரும்பவில்லை.

"காப்புக் கட்டுனவன் ஊர விட்டுப் போகக் கூடாது, கவிச்சி திங்கக் கூடாது," என்று துரைசாமி என்னைக் கிண்டல் செய்வான். "தீமிதிக்குத் தயாராயிட்டயா பூபதி?"

"எனக்குத் தீயே தெரியாதுடா. கான்கிரீட்டுல பன்னெண்டு மணிக்கு வெறுங்கால்ல நடக்கறவன்."

பதினான்கு முறை நின்றேன். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. ஆறு மணிக்கு ஏஜெண்டு வந்து காப்பைக் கழற்றுவார், காகிதத்தை நீட்டுவார். "உங்களுதல்லாத வலி எதுவும் உண்டா?" இல்லீங்க என்பேன். மோதிர விரலை வைப்பேன். பதினான்கு முறையும் அதுதான். பொய் சொல்லவில்லை. காலையில் எழும்போதே எனக்கு இரண்டு முட்டியும் குத்தும். பத்து மணிக்குப் பின்னங்கழுத்து. மத்தியானத்துக்கு மேல் இடுப்பின் இடது பக்கம், அது பத்து வருடத்துக்கு முன்னால் லாரிப் பலகையிலிருந்து விழுந்ததில் பிடித்தது. எல்லாம் எனக்குத் தெரிந்த வலி.

பதினைந்தாவது முறை பங்குனியில் வந்தது, அமாவாசைக்கு முந்தின நாள். மஞ்சள் வரத்து மும்முரம். வெளி மாநிலத்துக்கு மூன்று லாரி ஏற்ற வேண்டும். அன்றோடு என் அபராதம் முடிகிறது என்று கோகிலாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவள் என் சம்சாரம், பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள். "முடிஞ்சா கறி எடுத்துட்டு வாங்க," என்றாள். அன்றைக்கு நடந்ததில் எனக்கு விசேஷமாக ஞாபகம் இருப்பது சாயங்காலம்தான். பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனேன். அரைக் கிலோ கறியும், யாரும் கேட்காத திராட்சையும் வாங்கிக்கொண்டு போனேன்.

"என்னங்க, மொகமே வேற மாதிரி இருக்குது?" என்றாள் கோகிலா.

"என்னமோ தெரியல புள்ள. மத்தியானத்துக்கு மேல ஒடம்பு பஞ்சாட்டம் இருக்குது."

மூன்று வாரம் கழித்து மன்றத்திலிருந்து ஓலை வந்தது. இந்த முறை சரியான வீட்டுக்கே வந்தது. அன்றைக்கு என் காப்போடு கோர்த்திருந்த ஆள் செத்துவிட்டான். பெயர் லோகேஷ், வயது இருபத்துமூன்று, சாயப்பட்டறை வண்டி ஓட்டுகிறவன். செல்போன் பறித்துக்கொண்டு போனவனின் பைக்கும் இவன் பைக்கும் ஒரே கலர் என்று காலையில் கூட்டிப்போயிருக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு வில்லையைக் கழற்றி விடுவித்துவிட்டோம், வாசலில் மயங்கி விழுந்தான், ஆறு நாற்பதுக்கு ஆஸ்பத்திரியில் மாரடைப்பில் இறந்தான் என்று போலீசு சொன்னது. காயங்கள் முன்னே பைக்கிலிருந்து விழுந்ததில் பட்டவை. காப்புக் கட்டினவரின் காகிதமும் வலி இல்லை என்றே சொல்கிறது.

ஸ்டெல்லா மேடத்திடம் போனேன். அவர் குரலைத் தணித்துப் பேசினார்.

"விசாரணையில ஒரே கேள்விதான்ணே. வலிச்சதா இல்லையா. இல்லன்னா உங்க பதினஞ்சாவது முறையும் கழிஞ்சுது. கடன் பைசல். வலிச்சுதுன்னு சொன்னீங்கன்னா, வலிச்சும் திருகாத குத்தம். ஆறு மாசம் ஜெயிலு. ஏற்கெனவே நின்ன பதினாலும் பொய்க் காகிதம்னு ரத்து. முழுத் தொகையும் திரும்ப நிக்கும்."

"எனக்கு ஒண்ணும் வலிக்கலீங் மேடம்."

"அப்ப அதையே சொல்லுங்க," என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

விசாரணை ஓலை செத்தவன் வீட்டுக்கும் போகும், அதில் காப்புக் கட்டினவன் பெயர் இருக்கும். அது எனக்குத் தெரியாது. ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம், மண்டிக்குள் ஒரு பெண் வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டது. முப்பது வயது இருக்கும். நகக்கண் எல்லாம் நீலம். சாயப்பட்டறை வேலை என்று பார்த்தாலே தெரிந்தது.

"பூபதிங்கறது நீங்களுங்களாண்ணா? நான் லோகேஷோட அக்கா. கீர்த்தனா."

தூக்குப்போசியை மூடி வைத்தேன். "உக்காரு அம்மணி" என்றேன். மூட்டை மேல் உட்கார்ந்தது.

"திட்டறதுக்கு வரலீங்க. எங்கம்மா ஒண்ணு கேட்டு வரச் சொன்னாங்க. அவனுக்கு எங்கெங்க வலிச்சுதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமாமா. அதைக் கேட்டுட்டு வான்னாங்க."

"எனக்கு ஒண்ணும் வலிக்கல அம்மணி. நெசமாலுமே."

அது என் முகத்தையே பார்த்தது. "அப்படின்னா நல்லதுங்க. அம்மாகிட்டச் சொன்னா இன்னைக்காவது சோறு திங்கும்." தன் நகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆனா அவனைக் குளிப்பாட்டுனது நானுங்க. உள்ளங்கால் ரெண்டும் சாயத்துல முக்குன மாதிரி இருந்துது. எங்க பட்டறைல அந்தக் கலருக்குத் தனி நம்பரே இருக்குது" என்றது.

பக்கத்தில் எங்கள் கணக்குப்பிள்ளை இப்ராகிம் பாய் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார். எங்கள் மண்டியில் கூலி மூட்டைக்கு இவ்வளவு என்று. லாரிக்காரனுக்கு மணிக்கணக்கில் காத்திருப்புக் காசு உண்டு என்பதால், ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு மணிக்கும் எத்தனை மூட்டை ஏற்றினான் என்று பாய் கோடு போட்டு வைப்பார். நாலு கோடு நின்ற மாதிரி, ஐந்தாவது குறுக்கே. மணி முடிந்தால் கூட்டி எழுதுவார்.

"பாப்பா, இவன் பொய் சொல்ற ஆள் இல்ல," என்றார் பாய். "அன்னைக்கு முழுக்க இங்கதான் இருந்தான். வேணும்னா நோட்டைப் பாத்துக்க. அன்னைக்கு லோடு பூராம் இருக்குது."

ஏன் அதைச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. எனக்குச் சாட்சி சொல்வதாக நினைத்திருப்பார். கீர்த்தனா அந்தத் தேதியைப் புரட்டி, என் பெயருக்கு நேரே விரல் வைத்து வாசித்தது.

"ஏழு டு எட்டு, நாப்பத்திரெண்டு. எட்டு டு ஒம்பது, நாப்பது. ஒம்பது டு பத்து, நாப்பத்தொண்ணு. பத்து டு பதினொண்ணு, முப்பத்தெட்டு. பதினொண்ணு டு பன்னெண்டு, இருவத்தேழு." நிறுத்தி என்னைப் பார்த்தது. "பன்னெண்டு டு ஒண்ணு, பத்தொம்பது."

"வெய்யில் அம்மணி. கான்கிரீட்டு சுட்டுது. உள்ளங்கால் எரிஞ்சு…"

நான் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். பத்து நிமிடம் முன்புதான் அது உள்ளங்காலைப் பற்றிச் சொன்னது.

"சாப்பாட்டுக்கு அப்பறம் ரெண்டு டு மூணு, பதினொண்ணுங்க. மத்தவங்களுக்கு அதே நேரத்துல முப்பது, முப்பத்தஞ்சுன்னு இருக்குது."

"இடுப்பு புடிச்சுக்கிச்சு. எப்பவும் புடிக்கும். அன்னைக்கு ரெண்டு பக்கமும் புடிச்சுது. பல்லெல்லாம் கூட வலிச்சுது. மூட்டையை எறக்கிட்டு லாரிச் சக்கரத்து நெழல்ல குந்தியிருந்தேன்."

துரைசாமி சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். "ஏண்டா, உனக்கு எடது பக்கந்தானடா புடிக்கும்?" என்றான்.

அந்தப் பெண் அடுத்த வரியில் விரலை வைத்தபடியே இருந்தது. பிறகு கேட்டது. "மூணு மணிக்கு என்னங்கண்ணா ஆச்சு?"

"ஏன்?"

"மூணு டு நாலு, அம்பத்தேழுன்னு போட்டிருக்குது."

எடைமேடையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. யாரோ டெம்போவை ரிவர்ஸ் எடுத்தார்கள். எனக்கு மூன்று மணி ஞாபகம் வந்துவிட்டது. லாரி நிழலில் குந்தியிருந்தேன். ஒரே நொடியில், குழாயைத் திருகி மூடின மாதிரி, எல்லா வலியும் நின்றது. கால் குளிர்ந்தது. இடுப்பு விட்டது. முட்டி மட்டும் வழக்கம்போல் குத்தியது, அது ஒன்றுமேயில்லை என்று இருந்தது. அப்பாடா என்று சத்தமாகச் சொன்னேன். எழுந்து தூக்க ஆரம்பித்தேன். மூட்டை லேசாக இருந்தது. பாட்டுக்கூடப் பாடினேன். துரைசாமி "என்னடா, பேட்டரி மாத்துனயா?" என்று கேட்டான். ஐம்பத்தேழு மூட்டை.

அதை அந்தப் பெண்ணிடம் அப்படியே சொன்னேன். பாட்டுப் பாடினதையும் சொன்னேன். மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. எதுவும் தோன்றவில்லை.

அது அழவில்லை. "அப்ப ஆறு நாப்பது இல்ல," என்றது. "மூணு மணி." முந்தானையிலிருந்து செல்லை எடுத்து நோட்டின் பக்கத்தைப் படம் பிடித்தது. பாய் நோட்டையே கொடுத்துவிட்டார். போகும்போது திரும்பி, "விசாரணையில இதைச் சொல்லுவீங்களாண்ணா?" என்று கேட்டது.

"சொன்னா எனக்கு ஆறு மாசமாமா."

"ம்." அதற்கும் தலையைத்தான் ஆட்டியது. கெஞ்சியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டில் சொன்னேன். கோகிலா பிசிறு வெட்டுகிற தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திராட்சை," என்றாள் ஒரு தடவை.

விசாரணை, பழைய தபால் ஆபீஸ் மாடியில். குலுக்கலில் வந்த மூன்று பேர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பாங்கு அதிகாரி. ஒரு பக்கம் காலேஜ் டீச்சரம்மா, மறுபக்கம் பல் டாக்டர். கெட்டவர்கள் இல்லை. எனக்கு நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் மீசையைக்கூடத் தடவாமல் அமைதியாக இருந்தார். கீர்த்தனா பின்வரிசையில் மடியில் நோட்டை வைத்திருந்தது.

"பூபதி, உங்களுடையதல்லாத வலி எதையும் அன்றைக்கு உணர்ந்தீர்களா?" என்றார் பாங்குக்காரர்.

"வலிச்சுதுங்க."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். ஸ்டெல்லா மேடம் எழுதுவதை நிறுத்தினார்.

"ஆனா என்னுதுன்னு நெனச்சுட்டனுங்க."

"உங்களுடையது என்று எப்படி நினைப்பீர்கள்? உள்ளங்காலில் அடித்தால் பத்தில் ஒரு பங்கு என்றாலும் மனிதன் அலறுவானே?"

"தெனமும் அந்த அளவுக்குத்தானுங்க வலிக்கும்."

மூன்று மணியைப் பற்றிச் சொன்னேன். நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். டீச்சரம்மா அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி பார்த்தார். பாங்குக்காரர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பதிவு என்றால் உடம்பு மட்டும்தான் என்று அதில் இருந்தது. காகிதம் செல்லாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

"அப்ப என் தம்பி உள்ளங்கால்ல இருந்ததும் யாராச்சும் எழுதுனதுதானுங்களா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பாங்குக்காரர் புத்தகத்தை மூடி வைத்தார்.

பல் டாக்டர்தான் யோசனை சொன்னார். உடம்புதான் பதிவு என்றால் பதிவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே என்றார். சோதனைக் காப்பு ஒன்று வந்தது. அதில் வலியின் அளவுக்கு ஒன்று முதல் பத்து வரை எண் இருந்தது. முதலில் பாங்குக்காரர் தன் கையிலேயே கட்டிப் பார்த்தார். மூன்றிலேயே முகம் சுளித்தார். ஆறு வைத்ததும் "ஐயோ, போதும் போதும்" என்று நாற்காலியோடு பின்னால் போனார். இன்ஸ்பெக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

அப்புறம் என் கையில் கட்டினார்கள். டாக்டர் திருகுவதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். நான் காத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஆரம்பிச்சாச்சுங்களா?" என்று கேட்டேன்.

டாக்டர் எண்ணைத் திருப்பி மற்றவர்களுக்குக் காட்டினார். எட்டு.

டீச்சரம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் அறையில் கதவைச் சாத்திப் பேசினார்கள். ஸ்டெல்லா மேடம் எனக்கு ஒரு வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தார். "உங்களுக்கு ஜெயிலு இல்லண்ணே, அது மட்டும் நிச்சயம்," என்றார். "ஏங்க?" என்றேன். அவர் டீ டம்ளரை என் பக்கம் தள்ளினார்.

தீர்ப்பை டீச்சரம்மா வாசித்தார். புரியும்படி ஸ்டெல்லா மேடம் அப்புறம் சொன்னார். காப்புக் கட்டினவருக்கு உடம்பில் வலி தெரியும் தகுதி இல்லை. ஆகையால் அவர் வலித்தது என்று சொன்னாலும் செல்லாது, வலிக்கவில்லை என்று சொன்னாலும் செல்லாது. அந்த நாளில் அந்த ஸ்டேஷனுக்குக் கண்காணிப்பாளரே இல்லாததாகக் கருதப்படும். கண்காணிப்பாளர் இல்லாததால் சாட்சியம் இல்லை. சாட்சியம் இல்லாததால் ஆஸ்பத்திரிச் சான்றிதழே நிற்கும். மாரடைப்பு, ஆறு நாற்பது.

"அப்ப நான் சொன்னதுக்கு?"

"நீங்க சொன்னதாவே இல்லண்ணே."

படி இறங்கும்போது ஏஜெண்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார், அதே ரெக்ஸின் பையோடு. இரண்டு ஜல்லிக் குவாரி ஆட்களிடம் முதுகு எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவன் சிரித்தான். "சிரிக்காத," என்று அவனிடம் சொன்னேன். அவனுக்கு என்ன புரிந்திருக்கும். இன்னும் சத்தமாகச் சிரித்தான்.

அதற்குப் பிறகு நான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். கோகிலாதான் சொல்லிக் கொடுத்தாள், அவளுக்கே பாதிதான் தெரியும். முதலில் சாக்கில் அச்சடித்ததை வாசித்தேன், பிறகு பஸ் போர்டு. விசாரணையில் என் பதினைந்து காகிதத்தின் நகலும் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஸ்டேஷன் பெயரும் தேதியும் இருந்தன. அதை வாசிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. பதினைந்தும் ஒரே ஸ்டேஷன். மற்ற பதினான்கு நாளில் யார் யார் உள்ளே இருந்தார்கள் என்று அதில் எழுதியிருக்கவில்லை. பாயின் பழைய நோட்டுகளை வாங்கி அந்தத் தேதிகளைப் பார்த்தேன். நான்கு நாளில் என் கணக்கு மத்தியானத்தில் பத்துக்குக் கீழே போயிருக்கிறது. ஆனால் எந்த நாளிலும் அப்புறம் ஐம்பதுக்கு ஏறவில்லை. அதை வைத்துக்கொண்டு நிம்மதிப்பட வேண்டியிருந்தது.

வருடம் திரும்பிப் பங்குனி வந்தது. கீர்த்தனா போன் செய்தது. "திதி குடுக்கறோமுங்கண்ணா, கூடுதுறையில. நீங்களும் அக்காவும் வரோணும்." பவானிக்கு இருவரும் போனோம். காலை ஏழரை மணி. ஆற்றில் தண்ணீர் கணுக்காலுக்குத்தான் ஓடியது. அவர்கள் அம்மா ஒரு படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

ஐயர் எள்ளைப் பிரித்து வைத்துக்கொண்டே கேட்டார். "என்ன திதி சொல்லுங்கோ. ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தாக் காட்டுங்கோ."

கீர்த்தனா சீட்டைக் கொடுத்தது. அவர் போன வருடப் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். "ஆறு நாப்பது. அன்னைக்கு நாலே கால் வரைக்கும்தான் சதுர்த்தசி. ஆறு நாப்பதுன்னா அமாவாசை ஆயிடுத்தே. நீங்க நாளைக்குன்னா வந்திருக்கணும்?"

"ஆறு நாப்பது இல்லீங்க. மூணு மணி."

"சீட்டுல இப்படிப் போட்டிருக்கே. மூணு மணின்னு யார் சொன்னா?"

கீர்த்தனா என் பக்கம் கையைக் காட்டியது. "இந்த அண்ணனுக்குத் தெரியும்."

ஐயர் என்னைப் பார்த்தார். என் கையை, காலைப் பார்த்தார். என்ன உறவு என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"கூட இருந்தேளா?"

"ஆமாங்க," என்றேன்.

"அப்ப சதுர்த்தசிதான். உக்காருங்கோ," என்று தர்ப்பையை எடுத்தார். இத்தனை இடத்தில் சொல்லி, ஒருவர் உடனே ஏற்றுக்கொண்டது அங்கேதான்.

பிண்டத்தைக் கரைத்துவிட்டு ஏறி வந்தோம். கோகிலா அந்த அம்மாவைக் கைபிடித்துப் படியேற்றினாள். சாப்பிடும்போது அந்த அம்மா என் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு முதல் தடவையாகப் பேசினார். "இப்பவும் மூட்டை தூக்கறயாப்பா?"

"தூக்கறேனுங்கம்மா." சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். "எப்பவாச்சும் மூட்டை லேசாத் தெரிஞ்சா எறக்கி வெச்சிருவேனுங்க. முட்டி குத்தற வரைக்கும் குந்தியிருந்துட்டு, அப்பறந்தான் தூக்குவேன்."

அவர் தலையை ஆட்டினார். சோற்றைப் பிசைந்தார்.

சட்டைப் பையில் மன்றத்தின் ஓலை இருந்தது. அந்த வாரம்தான் வந்திருந்தது. கீர்த்தனா அதைப் பார்த்துவிட்டு, "என்னங்கண்ணா அது, படிச்சுச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டது.

"நானே படிப்பேன் அம்மணி," என்று பிரித்தேன். மெதுவாகத்தான் வந்தது. தகுதியற்ற நபரின் பெயர் முறைப்பட்டியலில் தவறுதலாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே அவர் வராமல் போனதும் குற்றமல்ல, அவர் நின்ற முறைகளும் கணக்கில் இல்லை. பெயர் நீக்கப்பட்டது. நிலுவை ரூபாய் முப்பத்தெட்டாயிரத்து இருநூற்று ஐம்பது முழுவதும் தள்ளுபடி.

காரணம் என்ற இடத்தில் ஒரே வரி இருந்தது. அதையும் சத்தமாக வாசித்தேன்.

மேற்படி நபருக்கு வலி தெரியாது.